பத்து நிமிஷ நுரை

சதுரங்கப்பட்டினத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்த எல்லப்பனுக்குச் சூடாமணி என்றால் உயிர். பழுப்பு நிற நாட்டு நாய். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அது ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது. முதுகில் முடி கொட்டி, வாலடியில் தோல் சிவந்து சீழ் வைத்தது.

சொறி நாய்க்கு வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயில்தான் மருந்து என்று அவன் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறான். கடையில் ஆயிலுக்கா பஞ்சம்? அள்ளிப் பூசினான். சூடாமணி அதை நக்கியது. மறுநாள் வாந்தி எடுத்து, சோறு தொடாமல் சுருண்டு படுத்துவிட்டது.

"யோவ், நீ வைத்தியம் பண்ணது போதும். டாக்டராண்ட இட்டுகினு போ," என்றாள் மனைவி சம்பூர்ணம்.

திருக்கழுக்குன்றத்துக் கால்நடை மருத்துவமனையில் டாக்டர் ஷாரோன் நாயின் தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

"ஆயில் யார் போட்டது?"

யாரோ தெருவில் போகிறவன் என்ற பொய் எல்லப்பனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சூடாமணி அவன் மடியில் தலை வைத்திருந்தது.

"நாந்தான் மேடம். நல்லாயிடும்னு நெனச்சுக்கினு போட்டுட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. "அது விஷம், இனிமே வேண்டாம். தெள்ளுப்பூச்சி கடிச்சு, சொறிஞ்ச புண்ணுல கிருமி பூந்திருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த மருந்து ஷாம்பூ. நுரை பத்து நிமிஷம் ஊறணும். அலசினதும் ஈரம் இல்லாம துடைங்க. படுக்கிற சாக்கை வெந்நீர்ல துவைங்க. மாத்திரை மூணு வாரத்துக்கு, பாதியில நிறுத்தக் கூடாது."

வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்.

மாத்திரை சுலபம். முள் எடுத்த மத்தி மீனுக்குள் சம்பூர்ணம் அதை ஒளித்துவைப்பாள். பத்து நிமிஷம்தான் பேஜார். முதல் நிமிஷத்திலேயே சூடாமணி உடம்பை உதறி எல்லப்பனை நுரையால் அபிஷேகம் செய்துவிடும். அலுத்துப்போய் ஒருநாள், அன்றைக்கு வந்த வண்டிகளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். "கார்பரேட்டர்ல ஒரே மண்ணு. கேட்டா, நேத்துதான் சர்வீஸ் விட்டேன்றான்..." நாய் காதை நிமிர்த்தி அசையாமல் நின்றது. அன்றுமுதல் குளியலுக்குக் கதை கட்டாயமாயிற்று.

இரண்டாவது வாரம் அரிப்பு நின்றது.

"மாத்திர போதும். அதான் ஆயிப்போச்சே," என்றான்.

"டாக்டரு இன்னா சொன்னாங்க? மூடிகினு இரு," என்றாள் சம்பூர்ணம். மூன்று வாரமும் முழுசாகக் கொடுத்தார்கள். வெறும் தோலில் புது முடி மெத்தென்று முளைத்தது. தெள்ளுப்பூச்சிக்கு மாதாமாதம் கழுத்தில் விடும் சொட்டு மருந்தையும் டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூடாமணி கடலில் ஆட்டம் போட்டுவிட்டு வந்தது. எல்லப்பன் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, விரலிடுக்கு, காது மடல் என்று விடாமல் துடைத்தான்.

தலைக்குக் குளித்துவிட்டு வந்த சம்பூர்ணம் இடுப்பில் கைவைத்து நின்றாள். "கண்ணாலம் ஆயி பதினாறு வருசம். எனக்கு ஒருநாளு தொவட்டி வுட்டுக்கிறியா?"

எல்லப்பன் சிரித்துக்கொண்டே கொடியிலிருந்து வேறு துண்டை எடுத்தான்.

"வா, ஒக்காரு," என்றான்.