பெட்டி தப்பியது

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தமான் காட்டுக்குள் போய்வந்து பயணப் புத்தகம் எழுதினாராம். அதைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குழு மாயாபந்தர் வந்தது. துரையாக நடிப்பவரை மெயின்லேண்டிலிருந்தே கூட்டிவந்துவிட்டார்கள். சுமை தூக்குகிற ஆறு பேர் மட்டும் இங்கே வேண்டியிருந்தது. முன்பு கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய என் அப்பாவுக்கு, அந்த ஆறு பேரில் சாகிறவன் வேஷம் கிடைத்தது.

முதலை இல்லை என்று வனத்துறை ஆள் பார்த்துச் சொன்ன ஓடையில் படப்பிடிப்பு. எனக்கு டீ கொடுக்கிற வேலை. டைரக்டர் அருண்பிரசாத் புத்தகத்தில் அந்த இடத்தைத் தமிழாக்கிச் சொன்னார்: “ஓடையைக் கடக்கும்போது ஒரு கூலி அடித்துச் செல்லப்பட்டான். நல்லவேளை, கருவிப் பெட்டி தப்பியது.”

“அவ்வளவுதானா?” என்றார் அப்பா. “அவன் பேரு?”

“போடலைங்க ஐயா.”

“பெரியதம்பி அண்ணே, சாகப்போறவனுக்கு ஆதார் கார்டா கேக்குறீங்க?” என்றார், பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கும் குணா மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

கேமரா ஓடியது. அப்பா சறுக்கி விழுந்தார். குணா மாமா பெட்டியைப் போட்டுவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்தார். பெட்டி மிதந்து போயிற்று.

“கட்! பெட்டியப் பிடிங்க, ஆளை விட்டுடுங்க!”

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே.

“கை தானாப் போகுது சார்,” என்று குணா மாமா தலையைச் சொறிந்தார்.

கடல் உள்வாங்க ஆரம்பித்து, ஓடையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. “டேய், என்னை விட்டுத் தொலைடா. பெட்டியப் பிடி,” என்று அப்பாவே அதட்டினார்.

அடுத்த முறை ஐந்து பேரும் பெட்டியைப் பிடித்தார்கள். துரை அதைத் திறந்து பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார். அப்பா முங்கியபடியே போய் மரவேர்களுக்குப் பின்னால் மறைந்தார்.

“ஓகே! சூப்பர்!”

கரையேறிய அப்பா நான் நீட்டிய டீயை வாங்கவில்லை. “நடிப்புதான், தெரியுது. ஆனா ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கலையேடா,” என்றார்.

“நீங்கதானே அண்ணே...” என்று ஆரம்பித்த குணா மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அருண்பிரசாத் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தைத் திறந்தார், மூடினார். “ஐயா, இன்னொரு தடவை விழத் தண்ணி பத்தாது. குரல் மட்டும் பதிஞ்சுக்கலாம். இவங்க கூப்பிடட்டும். அவனுக்கு என்ன பேரு வைக்கலாம்?”

“ஜம்புலிங்கம்,” என்றார் அப்பா உடனே. காலையிலேயே யோசித்து வைத்துவிட்டார் போலிருக்கிறது.

மைக்கை நீட்டினார்கள். ஐந்து பேரும் ஓடையைப் பார்த்து நின்று கூப்பிட்டார்கள். முதலில் வெட்கத்தோடு, பிறகு தொண்டை கிழிய. “ஜம்புலிங்கம்! டேய் ஜம்புலிங்கம்!” துரையாக நடித்தவரும் சேர்ந்துகொண்டார்.

ஓடை கடலில் சேருமிடத்தில் டிங்கியில் போய்க்கொண்டிருந்த ஒரு வங்காளி மீனவர் எஞ்சினை அணைத்தார். “கோன் கிரா?” யார் விழுந்தது என்று இந்தியில் கேட்டபடியே படகைத் திருப்பி, துடுப்பால் வேர்களுக்கிடையே குத்திக் குத்தித் தேடிக்கொண்டு வந்தார். இது ஷூட்டிங் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்பா மறுபடி ஓடைக்குள் இறங்கினார். முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

“மில் கயா பாய்! கிடைச்சுட்டேன்! மில் கயா!”