அப்பா கொண்டுவந்த சூடு

எங்கப்பா மருதாசலம் துடியலூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அவர் கை பட்டால் செத்த மோட்டாரும் ஓடும் என்பார்கள். முக்கால்வாசி நேரம் அப்படிச் சொல்வது அவரேதான். என்னைக் கட்டிக்கொடுத்தது சத்தியமங்கலத்துக்கு மேலே, மலையில், கரண்டுக் கம்பமே எட்டிப் பார்க்காத ஊரில். குளிர் வந்தால் அங்கே பல்லு தந்தியடிக்கும்.

தொண்ணூற்றாறில் பிரசவம் முடிந்து குழந்தையோடு நான் மாமியார் வீட்டுக்குத் திரும்பியபோது, அப்பா வெள்ளி அரைஞாணோடு சீர்வரிசையாக ஒரு சோலார் பேனலும் கொண்டுவந்தார். கூடவே லாரி பேட்டரி, ஒரு விளக்கு, தன் கையாலேயே கட்டிய ஹீட்டர் காயில்.

"பேரனுக்கு இனிக் குளிரே தெரியாதுங்க. வெய்யிலைப் புடிச்சு ரூமுக்குள்ள உட்டுப்போட்டேன்" என்று ஊரையே கூட்டி அறிவித்தார். விளக்கோடு நிறுத்தியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம்.

பொழுது சாய்ந்ததும் காயில் லேசாகச் சிவக்கும். சோறு வடிப்பதற்குள் பேட்டரி படுத்துவிடும். விளக்கும் கூடவே அணையும். ஒரு பேனலை வைத்து விளக்கெரிக்கலாம், வீட்டைச் சூடாக்க முடியாது என்பது அப்பாவுக்குத் தெரியாத கணக்கா? பேச்சு முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

என் மாமியார் மாசாணியம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தொட்டிலை அவிழ்த்துச் சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் கட்டினார். "உங்கப்பாருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, மனசு நோகும்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மார்கழியில் அப்பா பேரனைப் பார்க்க வந்தார், வெறும் அரைக்கைச் சட்டையோடு. "ஹீட்டர் இருக்கறப்பக் கம்பளி எதுக்குங்க?" என்று சிரித்தார்.

அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் அக்கா வந்துவிட்டார்.

"ஏனுங்ண்ணா, எம்புள்ளைக்குத் தை மாசம் பிரசவமுங்க. எருமையை வித்தாவது இதே மாதிரி ஒண்ணு வெச்சுப்போடலாம்னு இருக்கறனுங்க. வாங்கித் தருவீங்களா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "சூடு எப்படின்னு நீங்களே சொல்லுங்க அம்மணி" என்று மாமியாரைப் பார்த்தார்.

"அதுக்கென்னங்ண்ணா, கதகதன்னு இருக்குதுங்க" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் தமிழ்வேந்தனும் தலையாட்டினார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க்கா" என்றேன், தெய்வாத்தாள் அக்காவிடம். சொன்ன வாய் கூசியது. அந்த எருமைப் பால் விற்ற காசில்தான் அவர் வீட்டில் உலை வைக்கிறார்கள்.

"நீங்களே வந்து பாருங்க" என்று அப்பா அவரை ஹீட்டர் மாட்டிய அறைக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார். தடுக்க எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

அறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கியிருந்தோம். கிழங்கு கெடாமலிருக்க, வீட்டிலேயே ரொம்பக் குளிர்ச்சியான இடம் அதுதான். காயிலின் மேல் தூசி. தொட்டில் கொக்கியில் ஒன்றுமில்லை.

சமையல்கட்டிலிருந்து குழந்தை அழுதது. அப்பா அங்கே போய், அடுப்புப் பக்கத்தில் தொங்கிய தொட்டிலைப் பார்த்தார்.

பின்னாலேயே வந்த தெய்வாத்தாள் அக்காவிடம் சொன்னார்: "எருமையை விக்காதீங்க அம்மணி. வெளக்குக்கு வேணா வாங்கித் தாரேன். சூடெல்லாம் வராதுங்க. எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க."

"அப்பிடியெல்லாம் இல்லீங்ண்ணா" என்று மாமியார் பதறினார். "இந்த வாரம் ஒரே மேகமுங்க. நாங்களும் அதைச் சரியா தொடச்சு வெக்கலீங்க. தப்பு எங்க மேலதானுங்க."

திட்டியிருந்தால் அப்பா பதிலுக்குப் பேசியிருப்பார். இதைக் கேட்டதும் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். வெறும் கை இரண்டையும் தீயில் காட்டினார்.

மாமியார் உள்ளே போய்க் கம்பளி எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினார். அப்பா அதை இழுத்துப் போர்த்திக்கொண்டார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.