ரோகினிக்கு ஒரு விமானப் புள்ளி அட்டை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் இலவசப் பெட்டி. சிரம்பான் பேரங்காடி ஒன்றில், செலவழிக்கச் செலவழிக்க விமானப் பயணப் புள்ளி சேரும் கடன் அட்டைக்குக் கையெழுத்துப் போட்டால் சக்கரம் வைத்த பெட்டி தருவதாகச் சொன்னார்கள். போட்டேன். நானோ ஈப்போவுக்குக்கூட பஸ்ஸில் போகிறவன். புள்ளிகள் காலாவதியாயின. பெட்டியில் இப்போது தீபாவளித் துணிகள் இருக்கின்றன.

அட்டை பொருந்துகிற ஒருவரையாவது எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

2

"விமான நிலையத்தில் ரோகினி தன் கைப்பையை..."

வேண்டாம். அவள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

ரோகினிக்கு ஐம்பத்திரண்டு வயது. செம்பனைத் தோட்ட வீட்டிலிருந்து சுங்கை காடுட் தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவள். மகள் ஷாமினி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள், அக்டோபரில் தலைப்பிரசவம். "நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமே இல்லம்மா" என்றவள், தன் புருஷனுக்கு வேலை போனதிலிருந்து அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும் பேச்சை எடுப்பதில்லை. அதுதான் ரோகினியை அறுக்கிறது.

3

அட்டை உங்களுக்குப் பொருந்துமா என்று அறிய, உங்கள் சம்பளம் எங்கே போகிறது என்று பாருங்கள். ரோகினியுடையது காய்கறி லோரிக்கும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்கும் கோயில் உபயத்துக்கும் போகிறது. அங்கெல்லாம் அட்டை தேய்க்கும் இயந்திரம் கிடையாது. அட்டை செல்லுபடியாகும் பெட்ரோலை மட்டும் நம்பினால், டிக்கெட் கைக்கு வரும்போது பேரப்பிள்ளைக்குப் பதினோரு வயது.

[ஆண்டுக் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.]

4

முடித்துவிடத்தான் நினைத்தேன். ரோகினி விடவில்லை. நான் படிக்காமல் கையெழுத்திட்ட பொடி எழுத்தை அவள் கண்ணாடி போட்டுப் படித்தாள். மூன்று மாதத்தில் எட்டாயிரம் மலேசிய வெள்ளி செலவழித்தால் வரவேற்புப் புள்ளிகள் உண்டு. பெர்த்துக்குப் போய்வர அது போதும்.

இரண்டு மாதத்தில் அவள் அண்ணன் நல்லசாமியின் மகளுக்குக் கல்யாணம். உடனே போன் போட்டாள்.

"அண்ணே, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் இப்பவே கட்டணும்ல? நான் கார்டு தேய்க்கிறேன். நீங்க வச்சிருக்கிற காச எங்கிட்ட குடுத்துருங்க."

"நல்ல ஐடியா லா! அந்தக் காசுல நான் நகை எடுத்துர்றேன். மொய் வந்ததும் மறுநாளே உனக்குக் குடுத்துர்றேன்."

'ரோகினி மகிழ்ச்சியோடு' என்று எழுதி, அடித்துவிட்டேன். அட்டைக்குப் பணம் கட்டும் கெடு கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே வருகிறது. தவறினால் வட்டி ஏறும். பொடி எழுத்தில் அதையும் அவள் படித்திருந்தாள்.

"மொய்ய நம்பி தேய்க்க முடியாதுண்ணே. தேய்க்கிற அன்னைக்கே காசு என் கையில வேணும். இல்லாட்டி இந்த கார்டே எனக்கு வேணாம்."



5

முடிவு அ: நல்லசாமி சரி என்கிறார். அக்டோபரில் ரோகினி...

முடிவு ஆ: "கூடப் பொறந்தவனையே நம்பலையா?" என்று போனை வைத்துவிடுகிறார். ரோகினி விண்ணப்பத்தை நான்காக...

இரண்டையும் நிறுத்திவிட்டேன். அவள் பெர்த்துக்குப் போக வேண்டும் என்பதே என் ஆசை, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் பெட்டிக்காகக் கையெழுத்துப் போட்டவன், அவளோ அண்ணனின் பதிலைக் கேட்காமல் போடமாட்டாள். காதில் போனோடு, கையில் மூடி திறந்த பேனாவோடு இருக்கிறாள். உங்களுக்கும் ஒரு தங்கை இருக்கலாம். நல்லசாமிக்காக நீங்களே பதில் சொல்லுங்கள்.

ரோகினிக்கு வேண்டியிருக்கலாம் என்று, நான் பெட்டியிலிருந்த தீபாவளித் துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.