மீன் ஏறிய படகு

பல் டாக்டர் தன் ஐம்பதாவது பிறந்த நாளுக்குத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பரிசு அந்தப் படகுப் பயணம். துணைக்கு மனைவியின் தம்பியை இழுத்து வந்திருந்தார். அவன் பஸ் டிரைவர். குளத்தில்கூடக் கால் நனைக்காதவன். "மீன் வேணும்னா மார்க்கெட்ல வாங்கித் தந்திருப்பேனே மாமா" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

கரை கண்ணிலிருந்து மறைந்த கொஞ்ச நேரத்தில் காற்று நின்றுபோனது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. ஒரு பறவை இல்லை. தூரத்தில் தெரிந்த இரண்டு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைப்பக்கம் திரும்பின. படகை ஓட்டி வந்த கேப்டன் வானத்தின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் அடிபட்டது போலக் கன்றியிருந்தது.

"போதும் டாக்டர், திரும்பிடலாம். இந்த அமைதி எனக்குப் பிடிக்கல."

சொல்லி வாய் மூடவில்லை, தூண்டில் ரீல் அலறியது. டாக்டர் கையிலிருந்த கம்பு வில்லாக வளைந்தது.

கேப்டன் கத்தியை எடுத்துவிட்டார். "தூண்டில் நரம்பை அறுத்துடவா?"

"அறுத்தீங்கன்னா நானும் கூடவே குதிச்சிடுவேன்!" என்றார் டாக்டர். பாதி விளையாட்டு. மீதி விளையாட்டில்லை.

மீன் ஆழத்துக்கு இழுத்தது. படகே மெல்ல அதன் பின்னால் நகர்ந்தது. டாக்டருக்குத் தோள் மரத்து, உள்ளங்கை உரிந்தது. மச்சினன் அவருடைய பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கருமை பாதி வானத்துக்கு ஏறிவிட்ட பிறகு தண்ணீருக்கடியில் வெள்ளியாக ஏதோ சுற்றியது. ஆள் நீளச் சூரை மீன். கேப்டன் இரும்புக் கொக்கியை மாட்ட, மூவரும் தம் கட்டி இழுத்து உள்ளே போட்டார்கள்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் மீன் துள்ளி, மொத்த உடம்போடும் கேப்டனின் காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

அப்போதுதான் காற்று வந்தது.

"தம்பி, ஸ்டீயரிங்கைப் பிடி!" கீழே கிடந்தபடி கேப்டன் கத்தினார்.

"எனக்கு பஸ்தான்ணே ஓட்டத் தெரியும்!"

"அப்போ பஸ்ஸுன்னே நினைச்சுக்கோ! அலைக்கு விலாவைக் காட்டாதே, மூக்கைக் காட்டு!"

படகு சாயும்போதெல்லாம் மீன் வழுக்கிக்கொண்டு கேப்டனை நோக்கி வந்தது. டாக்டர் நடுவில் உட்கார்ந்து இரண்டு காலாலும் அதை முட்டுக்கொடுத்துத் தடுத்தார். தூக்கி எறிய ஒற்றை ஆளுக்குப் பலம் போதவில்லை. அதன் செவுள் திறந்து திறந்து மூடியது. கண் அவரையே பார்த்தது. "செத்துத் தொலையேன்" என்று அழுதார்.

எப்படியோ கரை வந்தது. துறையில் நின்றவர்கள் முதலில் மீனைத்தான் பார்த்தார்கள். விசிலடித்தார்கள். "சார், பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ!" கேப்டனைத் தூக்கி இறக்கியபோதுதான் சத்தம் அடங்கியது.

ஆம்புலன்ஸில் கேப்டன் கண் திறந்தார். "இன்ஜினை நிறுத்தினீங்களா?"

டாக்டருக்கு நினைவில்லை. "நிறுத்தியாச்சு" என்றார்.

கேப்டனின் கால் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று அன்று மாலையே சொல்லிவிட்டார்கள். மீன் ரத்தம் காய்ந்த சட்டையோடு டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் டீ வாங்கி வந்தான்.

"மீனை என்ன பண்றதுன்னு துறையிலேர்ந்து போன் மேல போன் வருது மாமா."

டாக்டர் கப்பை வாங்கினார். உரிந்த உள்ளங்கையில் சூடு பட்டு, பாதி டீ தரையில் கொட்டியது.