கடைசிப் பத்து நிமிஷத் தண்ணீர்

“ஏட்டி உமா, வெளிய வாட்டி! என் சட்னியில நீலத்தை ஊத்திட்டு உள்ள போயா ஒளிஞ்சிக்கிடுத?”

“நான் எதுக்கு மயினி உங்க அடுப்பங்கரைக்கு வாரேன்? கதவைத் திறந்து போட்டா தூங்குதிய?”

“தூங்குதேனா? நாலு மணிக்கு எந்திரிச்சு இட்லி அவிக்கிறவளைப் பாத்துத் தூங்குதேங்கா, பாரு!”

தாராவியில் அந்தச் சந்துக்கு யாரும் அலாரம் வாங்கியதில்லை. கனகவள்ளியின் தொண்டை போதும். ஆனால் அன்று அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. கையில் எவர்சில்வர் தூக்கு, தூக்கில் தேங்காய்ச் சட்னி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை என்ன நீலமோ, அந்த நீலம். கடுகும் கறிவேப்பிலையும் ஒன்றுமே நடக்காததுபோல அதன்மேல் மிதந்துகொண்டிருந்தன.

முதல் பார்சலை வாங்கிய டாக்ஸிக்காரர் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது என்ன புது ஐட்டமா?” என்று கேட்டபோதுதான் அவளே பார்த்தாள். உள்ளே எரிவது ஒற்றை மங்கல் பல்பு. இட்லி ஆவியில் அதுவும் பாதிதான் தெரியும்.

கூடையில் இருநூற்றைம்பது இட்லி அடுக்கியாகிவிட்டது. ஏழரைக்குக் கிங்ஸ் சர்க்கிளில் இறக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் இட்லியைத் தின்றுவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் அங்கே நிற்பார்கள். நீலச் சட்னி என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்தால் தீர்ந்தது. புருஷன் தங்கபாண்டி ஆடி மாதம் மஞ்சள்காமாலையில் படுத்தவர், இன்னும் வேலைக்குப் போகவில்லை. வீடு ஓடுவது அந்தக் கூடையில்தான்.

நீலம் என்றால் அந்தச் சந்தில் உமாமகேஸ்வரிதான். கனகவள்ளிக்கு அடுத்த கதவு. ஹோட்டல் சர்வர்களின் வெள்ளை வேட்டி, சட்டைகளை வாங்கிவந்து, வாசலில் கிடக்கும் பெரிய டப்பில் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. வந்து மூன்று வருஷமாகிறது. அவளுக்கு எதற்கு இந்தப் பகை? காரணமும் கனகவள்ளியிடம் தயாராக இருந்தது.

“பொறாமை! எனக்கு மட்டும் பத்து நிமிஷம் கூடத் தண்ணி வருதுல்லா, அது பொறுக்கல!”

இது சந்துக்கே தெரிந்த கதை. தண்ணீர் விடியற்காலை ஐந்துக்கு வரும், ஆறரைக்கு எல்லாக் குழாயும் பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கும். கனகவள்ளியின் குழாய் மட்டும் ஆறு நாற்பது வரை ஓடும். இத்தனைக்கும் அவளுக்கும் உமாவுக்கும் ஒரே பைப். வாசலில் வந்துதான் கவையாகப் பிரிகிறது. மாரியம்மன் கடாட்சம் என்பாள். போன வருஷம் பைப்பிலேயே நேராக மாட்டி, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்த மோட்டாரை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சந்தில் எல்லோரிடமும் மோட்டார் உண்டு. முனிசிபாலிட்டி ஆள் வந்தால் ஒருவரிடமும் கிடையாது.

முதலில் வரும் தண்ணீரில் துரு வாடை அடிக்கும், கடைசித் தண்ணீர்தான் சுத்தம் என்பது அவள் கண்டுபிடிப்பு. அந்தப் பத்து நிமிஷத் தண்ணீரைத்தான் குடிக்கிற குடத்தில் பிடிப்பாள். சட்னியும் அதில்தான் அரைபடும்.

“பிளம்பரைக் கூப்பிடுட்டி, இன்னைக்கு எல்லார் முன்னாலயும் ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம். இவ பைப்புல என்ன பண்ணி வச்சிருக்கான்னு அவரு சொல்லட்டும். சொன்ன நிமிஷமே இவ காலி பண்ணிட்டுப் போவணும்!” என்று மகள் மகேஸ்வரியை ஏவினாள்.

பிளம்பர் நாகூர் மீரான் வந்தார். சட்னியைப் பார்த்தார், சிரிக்காமல் இருந்தது பெரிய விஷயம். பைப் பிரியும் இடத்தைப் பார்த்தார். உமாவின் டப்பைப் பார்த்தார். நீலத் தண்ணீரில் வேட்டிகள் ஊறிக் கிடந்தன. குழாயில் மாட்டிய ரப்பர் பைப் டப்பின் அடிவரைக்கும் முங்கிக் கிடந்தது. குழாய் திறந்தே இருந்தது.

“அக்கா, மோட்டாரைப் போடட்டுமா?”

“எந்த மோட்டாரு?” என்றாள் கனகவள்ளி, பழக்கதோஷத்தில். சந்து சிரித்தது. “சரி, போடும்! எனக்கு என்ன பயம்?”

“தண்ணி நின்னு அரை மணி நேரமாச்சு. இப்ப எந்தக் குழாயிலயும் காத்துதான் வரணும். எல்லாரும் பாத்துக்கிடுங்க.”

மோட்டார் உறுமியது. கனகவள்ளியின் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. நீலத் தண்ணீர்.

“ஐயோ, டப்பு எறங்குது!” என்று வாசலில் உமா வீறிட்டாள்.

எல்லோரும் திரும்பினார்கள். டப்பில் தண்ணீர் மளமளவென்று வற்ற, வேட்டிகள் ஒவ்வொன்றாக முதுகு காட்டின.

மீரான் மோட்டாரை நிறுத்தினார். “மோட்டாருக்கு ரோட்டுப் பைப்புல தண்ணி கிடைக்கல. எங்க கிடைக்கோ அங்க உறிஞ்சுது. ஸ்ட்ரா போட்டு இளநி குடிக்கிற மாதிரிதான்க்கா. உங்களுக்கு அம்மன் தந்த பத்து நிமிஷம் இந்த டப்புதான்.”

“பாவி, ஒரு வருஷமா டப்பு ஒழுகுதுன்னு ரெண்டு தடவை எம்சீல் வச்சு அடைச்சேனே!” என்றாள் உமா.

கனகவள்ளி டப்பருகே வந்தாள். “ஒரு வருஷமாவா? நீலம் இன்னைக்குத்தானட்டி வந்திச்சு?”

“நீலம் கடைசி அலசலுக்குத்தான் போடுவேன் மயினி. இன்னைக்குக் கல்யாண ஆர்டர், அவசரம்னு துவைச்ச துணியை விடியக்காலமே நீலத்துல போட்டுட்டேன். மத்த நாள்ல இந்நேரத்துக்கு அழுக்குத் துணிதான்...” உமா அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சர்வர்களின் வேட்டி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தச் சட்னிக்கு ஒரு தனி மணம் என்று மெச்சுகிற டாக்ஸிக்காரர் ஓடிப்போய்ச் சாக்கடையில் துப்பினார்.

கனகவள்ளி புருஷனைப் பார்த்தாள். தங்கபாண்டி கதவருகே கையில் டம்ளரோடு நின்றிருந்தார். ஆடியில் டாக்டர், “தண்ணி எங்க குடிச்சாரு?” என்று கேட்டதும், “வீட்டுத் தண்ணிதான் டாக்டர், அதுவும் கடைசித் தண்ணி” என்று அவள் பெருமையாகச் சொன்னாள். காமாலை இதனால் வந்ததா, ரோட்டோரக் கரும்புச்சாற்றால் வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவள் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினாள்.

“பைப்பை எதுக்குட்டி அடிவரைக்கும் முக்குன?” அதில் பழைய காரம் இல்லை.

“நீங்கதான மயினி சொல்லித் தந்திய? வந்த புதுசுல. மேல இருந்து விழுந்தா சத்தம் கேக்கும், எதுத்த வீட்டுக்காரி முழிச்சு மோட்டாரைப் போட்டுருவா, முக்கி வையின்னு.”

எதிர்த்த வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வீட்டு பைப்பும் அப்போது முங்கித்தான் கிடந்தது.

இட்லி வெள்ளையாகத்தான் இருந்தது. சட்னியைக் கொட்டிவிட்டுப் பொடியை வைத்து விற்றிருந்தால் கிங்ஸ் சர்க்கிளில் யாருக்குத் தெரியப்போகிறது? தங்கபாண்டிகூட மெல்ல, “பொடி இருக்குளா” என்றார். கனகவள்ளி கூடையைத் தூக்கினாள். நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய்க் கவிழ்த்தாள்.

“மாவும் அந்தத் தண்ணியிலதான் கரைச்சது. தப்பு என்னுது. ஒருத்தரும் வாங்காதிய!”

கனகவள்ளியின் வாயிலிருந்து ‘தப்பு என்னுது’ வந்ததை அதுவரை கேட்டவர் இல்லை. ஏழரைக்கு வெறும் கூடையோடு கிங்ஸ் சர்க்கிள் போய் அங்கேயும் சொல்லிவிட்டு வந்தாள். என்ன பேச்சு வாங்கினாள் என்று எவ்வளவு கிண்டியும் சொல்லவில்லை.

அதற்குள் சந்து காலியாகியிருந்தது. ஆளாளுக்கு வீட்டுக்குள் ஓடி, முங்கிக் கிடந்த பைப்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மீரான் மோட்டாரைக் கழற்றினார். இரண்டு கிளையிலும் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு போட்டார். உமாவின் ரப்பர் பைப்பை டப்புக்கு மேலே ஆணி அடித்துக் கட்டினார். “வால்வுல மண்ணு சிக்குனா ஏமாத்திரும்க்கா. காத்து ஏமாத்தாது. பைப்பு முனைக்கும் தண்ணிக்கும் நடுவுல எப்பவும் நாலு விரக்கடை காத்து இருக்கணும்.” இப்போது அந்தச் சந்தில் விடிந்தால் அருவிச் சத்தம்தான், தண்ணீர் வந்ததை ஒளிக்க யாருக்கும் வழியில்லை.

ஒரு மாதம் கனகவள்ளி குழாயைத் தொடவில்லை. உமாவின் தம்பி சுதன்தான் சந்து முனையிலிருந்து தண்ணீர்க் கேன் சுமந்து வந்து போட்டான். முதல் வாரம் அக்கா சொன்னதற்காக. பிறகு எதற்காக என்று மகேஸ்வரியைத்தான் கேட்க வேண்டும். கிங்ஸ் சர்க்கிளில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவே இல்லை. தை மாதம் மகேஸ்வரிக்கும் சுதனுக்கும் கல்யாணம் நடந்தது. அன்று பந்தியில் சட்னி வெள்ளையா என்று பார்க்காமல் ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை.

துணி காயப்போட இடம் கிடைத்ததென்று உமா டப்போடு மான்குர்துக்குப் போய்விட்டாள். மகேஸ்வரியும் சுதனும் நெருளில் வாடகைக்கு இருக்கிறார்கள். முதன்முதலாக அங்கே போன கனகவள்ளி சாமி படத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். நேராகப் பாத்ரூமுக்குள் நுழைந்து, பக்கெட்டில் முங்கிக் கிடந்த ஷவர் பைப்பைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு வந்துதான் காபி டம்ளரைத் தொட்டாளாம்.