பழைய சாவி எங்கே என்று வண்டி கேட்டது

திருச்செங்கோட்டில் சாவி தொலைந்த கார், புதுச் சாவியை ஏற்றுக்கொள்ளும் முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். "பழைய சாவி எங்கே?" புதுச் சாவி உண்மையைச் சொன்னால் இன்ஜின் உறுமும். பொய் சொன்னால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணையும். மூன்று தடவை பொய் கேட்ட வண்டி சந்நியாசம் வாங்கிக்கொள்ளும். அப்புறம் அது எந்தச் சாவிக்கும் அசையாது. நாலு பேர் தள்ளிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வருவார்கள். அங்கே இப்போது பதினோரு வண்டிகள் கிழக்குப் பார்த்து நிற்கின்றன.

அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட கமருன்னிசா கைபட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்தொன்பது வருஷமாகச் சாவிக்கடை வைத்திருக்கிறாள். அவள் வெட்டிய சாவியை எந்த வண்டியும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளும். தலைக்கனம் பிடித்தவள் என்று ஊரில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே! வேலை தெரிந்தவளுக்கு இல்லாத தலைக்கனம் வேறு யாருக்கு?

இரும்பை வெட்டுவது பெரிய வித்தை இல்லை, அது மிஷின் பார்த்துக்கொள்ளும். சாவியின் தலைக்குள் அரிசி அளவு ஒரு சிப் இருக்கிறதே, சூட்சுமம் அதில்தான். அதற்கென்று பேட்டரிகூடக் கிடையாது. ஸ்டியரிங் பக்கம் போனதும் வண்டியே அதற்கு உயிர் கொடுத்து எழுப்பிக் கேள்வி கேட்கும். தினமும் கேள்வி வேறு, பதிலும் வேறு. நேற்றைய பதிலை எவனாவது ஒட்டுக்கேட்டுவிட்டு இன்றைக்கு வந்து ஒப்பித்தால், போடா என்றுவிடும். ஆனால் முதல் கேள்விக்கான பதிலை மட்டும் வண்டிக்காரர்தான் தர வேண்டும். வெட்டிய சூட்டோடு சாவியை உள்ளங்கையில் வைத்து, பழையது எப்படித் தொலைந்தது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிப் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

அன்று சனிக்கிழமை காலை லாரி புக்கிங் ஆபீஸ் நாச்சிமுத்து வீட்டுக்குக் கமருன்னிசா மிஷினோடு போனாள். வாசலில் எட்டு வருஷத்து வெள்ளைக் கார் நின்றது. நாச்சிமுத்து சலவைச் சட்டையோடு பக்கத்தில் நின்றார். அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி பாவாயி எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெட்டிக் கொடுத்த சாவியை நாச்சிமுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "திருட்டுப் பசங்க நாலு பேருங்க அம்மிணி. நான் ஒத்தை ஆளு. மூணு பேரை அடிச்சுச் சாய்ச்சேன். நாலாமத்தவன் சாவியோட ஓடிட்டான்."

நாற்காலிகளிலிருந்து கைதட்டல் கேட்டது. கமருன்னிசா சாவியைப் போட்டுத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த விளக்கைப் பார்த்ததே இல்லை. நடுத்தெருவில் கன்னத்தில் அறை வாங்கியது போல் இருந்தது. இன்னொரு சாவியை வெட்டிக் கொடுத்தாள்.

"அது வந்துங்க," என்றார் நாச்சிமுத்து, "பவானிக் கூடுதுறையில ஒரு வாத்தியாரு முங்கப் போனாரு. சட்டையோட குதிச்சு அவரைக் கரை சேர்த்தேன். அப்பத்தான் சாவி ஆத்தோட போயிடுச்சு."

மறுபடியும் சிவப்பு.

கமருன்னிசாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மூன்றாவது சாவியை வெட்டி முடித்தவள் அதை அவரிடம் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அண்ணா, எட்டு வருஷமா உங்களைச் சுமக்குற வண்டி. அதுக்கிட்டயே அளந்தா எப்படி? உங்களுக்குக் கௌரவம் பெருசா, வண்டி பெருசா?"

நாச்சிமுத்து நியாயமாக யோசித்துவிட்டு, "கௌரவம்தானுங்க," என்றார்.

"அப்பச் சரி. தள்ளிக்கிட்டுப் போயி மலையடிவாரத்துல பன்னெண்டாவதா நிறுத்துங்க. ஆனா ஊரு என்ன பேசும் தெரியுமா? கமருன்னிசா சாவியால போச்சுன்னு பேசும். எனக்கும் கௌரவம் இருக்குண்ணா. உங்களுதைவிட ஒரு பிடி கூடவே இருக்கு."

நாச்சிமுத்து வண்டியைப் பார்த்தார். முன்கண்ணாடியில் காக்கை எச்சம் காய்ந்திருந்தது. துண்டை நனைத்து அதைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை. அது மலையடிவாரத்தில் வெயிலில் நிற்பதை நினைத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அவள் முடிச்சை அவிழ்த்துச் சாவியை வைத்தாள்.

"ஈரோட்டுல புது வண்டி பார்க்கப் போனேன்," என்றார். குரல் கீழே இறங்கிவிட்டது. "செவப்பு வண்டி. நம்ம வண்டி இவனுக்குத் தெரியக்கூடாதுன்னு பஸ்ஸுல போனேன். ஓட்டிப் பாருங்கன்னாங்க, ஓட்டினேன். மடியில குத்துதேன்னு இவனோட சாவிய எடுத்து, அந்த வண்டியில டம்ளர் வைக்கிற குழி இருக்குதல்லோ, அதுல வச்சேன். வச்சதையே மறந்துட்டேன். பஸ்ஸுல திரும்பி வர்றப்பகூட நெனப்பு வரல."

கைதட்ட இருந்தவர்கள் மோரைக் குடித்தார்கள்.

"செவப்பா?" என்றாள் பாவாயி. "இந்த வயசுல உங்களுக்குச் செவப்பு கேக்குதா?"

கமருன்னிசா பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருகினாள். வண்டி உடனே ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடித் துடைப்பான் ஒரு தடவை போய் வந்தது. அப்புறம் பாருங்கள், இன்ஜின் உறுமியது! அவள் இறங்கி நின்று நாற்காலி நாற்காலியாக எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பத்தொன்பது வருஷப் பெயர் அப்படியே இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பழைய சாவியை வண்டி தலைமுழுக வேண்டியது பாக்கி. அதைச் செய்யாவிட்டால் ஈரோட்டில் இருக்கிற சாவியும் இங்கே வந்து உரிமை கொண்டாடும். சனிக்கிழமை என்பதால் நாள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாவாயி நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்ற, நாச்சிமுத்து சீயக்காய் தேய்த்தார். தண்ணீர் வடிந்த அந்த நிமிஷமே ஈரோட்டுச் சாவி வெறும் இரும்பாயிற்று.

"ஒத்தைச் சாவியோட இருக்காதீங்க, ஒரு மாத்துச் சாவியும் வச்சுக்குங்க," என்று சொல்லிக் கமருன்னிசா ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியோடு பேசுகிற தன் பெட்டியின் ஒயரைச் செருகினாள். பெட்டித் திரையில் வண்டியின் பதில் வந்தது. சாவி ஒன்றே போதும், தொலைந்து போனது உண்மையில் ஆள்தான், அதனால் மாற்று ஆள் ஒன்று வேண்டும் என்று இருந்தது. அவள் ஒரு தடவை படித்தாள்.

"அண்ணா, சட்டையைக் கழட்டிட்டு மிஷினுக்குப் பக்கத்துல நில்லுங்க."

தொப்பை பக்கம் வளைவு அதிகம் என்பதால் அவரைப் போலவே இன்னொருவரை வெட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓரங்களை அவள் அரத்தால் ராவி விட்டாள். புது நாச்சிமுத்து தும்மிவிட்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவின் கைப்பிடியைத் தொட்டார். வண்டி முதல் தொடுதலிலேயே திறந்துகொண்டது.

"அம்மிணி கைன்னா கைதானுங்க," என்றார் பழைய நாச்சிமுத்து. "அச்சு அசல் நான்."

பாவாயி புதியவரின் சட்டைக் காலரைச் சரிசெய்து, சந்தைக்குப் போகும் வழியைச் சொன்னாள். அசல் தொலைந்துவிடக் கூடாதல்லவா, அதனால் பழையவரை உள்ளே கூட்டிப் போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கார் தெருமுனை திரும்பும்போது பீரோவுக்குள்ளிருந்து அவர் பேசிக்கொண்டிருந்தார். தன் கல்யாணத்துக்கு வந்த பீரோ என்றும், இந்தத் தெருவிலேயே இவ்வளவு கனமான தகடு வேறு எந்த வீட்டிலும் கிடையாது என்றும் சொன்னார்.