பத்து மணிக் கட்டம்

கட்டில் காலில் தொங்கிய நாடி அட்டையை அவள் உருவி எடுத்தபோது, அம்மா அப்பாவின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். உயிர் போய் அரை மணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால்.

"ஏழு மணிலேர்ந்து வேர்த்துக் கொட்டுச்சுடி. கை ஜில்லுன்னு ஆயிருச்சு. மூணு தடவ போய்ச் சொன்னேன். நாடி சரியா இருக்குன்னு அட்டையக் காட்டுனாங்க. உனக்கும்தான போன் பண்ணேன்?"

பண்ணினாள். அடுத்த கட்டிடத்தில் டியூட்டியில் இருந்த இந்த டாக்டர் மகளும், "அட்டைல எழுபத்தெட்டா? அப்ப ஒண்ணுமில்லமா" என்று போனை வைத்தவள்தான்.

ஏழு மணிக்கு 78. எட்டுக்கு 78. ஒன்பதுக்கு 80. பத்து மணிக் கட்டத்திலும் 78. அடப்பாவி! இன்னும் வராத பத்து மணிக்கு, போய்ச்சேர்ந்த மனுஷனுக்கு நாடி!

கையெழுத்து, குருவி என்று எல்லோரும் கூப்பிடும் ஜூனியர் டாக்டருடையது. வித்தை இவளுடையது. போன வருஷம் இதே வார்டில் இவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: "முப்பது பேருக்கு நாடி புடிச்சா விளங்குன மாதிரிதான். எல்லாத்தையும் காலைலயே எழுதிரு. ஒரே நம்பரா போடாத, மாட்டிக்குவ." எல்லோரும் சிரித்தார்கள். கெட்டிக்காரி என்று பெயர்கூட வாங்கினாள்.

குருவி புது அட்டையோடு ஓடிவந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, உங்கப்பான்னு தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா சத்தியமா பாத்திருப்பேன்."

அறைய எழுந்த கை பாதியில் நின்றது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அறைவது?

"சீஃப் வர்றதுக்குள்ள மாத்தி எழுதிரலாம்கா. இல்லேன்னா உங்க பேரும் வரும்."

வாசலில் செருப்புச் சத்தம். சீஃப் வந்து கையை நீட்டினார். இரண்டு அட்டைகளும் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. பழையதைக் கொடுத்தாள்.

"இப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்தான், சார். நாடி பாக்காமலே."

சீஃப் அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. அம்மா மகளை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள் இவள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அம்மா அப்பாவின் கையை எடுத்து இவள் கையில் வைத்தாள்.

"இப்பவாவது புடிச்சுப் பாருடி."

மூன்று விரல்களை மணிக்கட்டில் பதித்தாள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவதுதான் வழக்கம். இன்று விரலை எடுக்கவில்லை. விநாடி முள் ஒரு சுற்று முழுசாக வந்தபோது பத்து மணி.